ஸ்கேன் செய்யக் கொடுக்கும் முன்: சென்சர் வெளிச்சத்தை அளக்கும் விதம்

பழைய ஸ்லைடுகளையும் நெகட்டிவ்களையும் ஸ்கேன் செய்யக் கொண்டுவருபவர்கள் முதலில் கேட்பது எத்தனை டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள்) என்பதைத்தான். கிடைத்த படத்தில் இருண்ட பகுதிகள் புள்ளி புள்ளியாகவும் நிறம் திரிந்தும் இருந்தால், அதற்குக் காரணம் பெரும்பாலும் டிபிஐ அல்ல.

ஸ்கேனரில் ஒளியை அளக்கும் சில்லான சிசிடி சென்சர், தன்மேல் விழும் ஒளிக்கு நேர் விகிதத்தில் மின்னூட்டத்தைச் சேர்க்கிறது. ஒளி பாதியானால் அது தரும் எண்ணும் பாதியாகும். பிலிமின் அடர்த்தியோ, அதாவது அது ஒளியைத் தடுக்கும் அளவோ, மடக்கைக் (லாகரிதம்) கணக்கில் ஏறுகிறது. அடர்த்தி 0.3 கூடினால் ஊடுருவும் ஒளி பாதியாகும்; 3.0 என்றால் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். ஆகவே 12 பிட் ஸ்கேனரின் 4096 படிநிலைகளில் 2048, மிக வெளிச்சமான ஒரே ஸ்டாப்புக்கு (ஒளி பாதியாகக் குறையும் ஓர் இடைவெளிக்கு)ப் போய்விடுகின்றன; அடர்த்தி 3.0 உள்ள இடத்துக்குக் கிடைப்பவை ஏறத்தாழ 4 மட்டுமே. ஸ்லைடில் ஒரு கறுப்பு மேலங்கியின் மடிப்பும் கூந்தலின் இழையும் அந்த நான்கு படிகளுக்குள் அடங்கியாக வேண்டும். சென்சரின் சொந்த இரைச்சலும் அங்கேதான் தலைகாட்டுகிறது. 16 பிட்டில் அதே இடத்துக்கு ஏறத்தாழ 65 படிகள் உண்டு என்றாலும், சென்சர் இரைச்சல் மிகுந்ததாக இருந்தால் பெட்டியில் அச்சிட்ட அந்த 16 வெறும் அலங்காரமே. ஒரே வரியைப் பலமுறை அளந்து சராசரி எடுக்கும் வசதி இருந்தால் ஓரளவு ஈடுகட்டலாம்: 16 முறை அளந்தால் தற்செயல் இரைச்சல் நான்கில் ஒன்றாகக் குறையும், ஆனால் ஒரு பிரேமுக்குப் பிடிக்கும் நேரத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கலர் நெகட்டிவில் அடர்த்தி ஸ்லைடு அளவுக்கு ஏறுவதில்லை; அங்கே சிக்கல் வேறு. அதன் ஆரஞ்சு அடித்தளம் நீல ஒளியைப் பெருமளவு விழுங்கிவிடுவதால், மூன்று நிறங்களுக்கும் ஒரே எக்ஸ்போஷர் (ஒளியேற்கும் நேரம்) கொடுத்தால் நீலச் சானல் (நீல நிறத்துக்கான தனிப் பதிவு) சென்சரின் கீழ்ப்படிகளிலேயே தங்கிவிடும். நெகட்டிவில் அடர்ந்து நிற்பது காட்சியின் வெளிச்சப் பகுதி என்பதால், பிறகு மென்பொருளில் நீலத்தைத் தூக்கும்போது மணமகனின் வெள்ளை வேட்டியில்தான் மஞ்சளும் நீலமுமாகப் புள்ளிகள் தெரியும். படம் பதியாத ஓரப் பகுதி ஒவ்வொரு சானலிலும் உச்சத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி எக்ஸ்போஷரைத் தனித்தனியே வைப்பதே என் வழக்கம்.

திரைத்துறைக்குக் கோடக் வகுத்த சினியான் முறையில், சென்சரின் எண்ணை மடக்கைக்கு மாற்றி, 10 பிட்டின் ஒவ்வொரு படியும் அடர்த்தியில் 0.002 ஆகும்படி சேமித்தார்கள். இது இருக்கும் படிகளைச் சிக்கனமாகப் பங்கிடுமே தவிர, சென்சர் பிடிக்காத ஒளியை வரவழைக்காது. எனவே பிலிமைக் கொடுக்கும்போது 16 பிட் டிஃப் (TIFF) கோப்பாகவும், தானியங்கித் திருத்தம் எதுவும் செய்யாமலும் கேட்டு வாங்குங்கள்; எக்ஸ்போஷரைச் சானல் வாரியாக வைப்பார்களா என்பதையும் அப்போதே விசாரித்துவிடுங்கள்.