வேலையில் நினைவிழந்து விழுந்தவருக்கு சொக்சோ: கூட இருப்பவர் தெரிந்துகொள்ள வேண்டியது

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் காலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்து ஆட்கள் பிரிந்துபோனால், செம்பனைக்குள் ஒருவரை ஒருவர் பார்ப்பதே அரிது. அங்கே ஒருவர் நினைவில்லாமல் கிடந்தால் அவர் உயிரும், பிற்பாடு அவருக்குச் சேர வேண்டிய சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) பணமும், அவரை முதலில் பார்த்தவர் என்ன செய்தார், என்ன சொன்னார் என்பதைப் பொறுத்தே இருக்கின்றன.

எங்கள் லயத்து (தோட்டக் குடியிருப்பு வரிசை) அண்ணன் ஒருவர் வேலை முடிந்து வரும் வழியில் மோட்டார் சைக்கிளோடு சறுக்கி விழுந்தார். தூக்கிக்கொண்டு போனவர்கள் ஆஸ்பத்திரியில் "மயங்கிட்டாரு" என்று மட்டும் சொன்னார்கள். விபத்து என்பது விடுபட்டு அதுவே பதிவாகிவிட்டது. சறுக்கியதைக் கண்ணால் பார்த்த பையனோ அடுத்த மாதமே ஜொகூருக்கு வேலைக்குப் போய்விட்டான். அண்ணி அந்த ஒரு வார்த்தையைச் சரிசெய்ய எத்தனை நாள் அலைந்தார் என்பதைப் பார்த்ததால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உயிர். ஓடிப்போய்த் தொடுவதற்கு முன் சுற்றிலும் பாருங்கள். குலை வெட்டும் நீளமான அலுமினியக் கம்பு மின்கம்பியில் பட்டு விழுந்திருந்தால், மின்சாரம் நின்றது உறுதியாகும் வரை கிட்டப் போகக்கூடாது. ஆபத்து இல்லையென்றால் தோளைத் தட்டிக் கூப்பிடுங்கள். பதில் இல்லையா, சத்தம் போட்டு ஆள் சேர்த்து 999-க்கு அழையுங்கள். தோட்டத்தின் பெயர், பிளாக் நம்பர், எந்தச் சாலை வழியாக வர வேண்டும் என்பதைச் சொல்லி, சாலை முனையில் ஒருவரை மோட்டாரோடு நிறுத்துங்கள். தோட்டத்துக்குள் எல்லாப் பாதையும் ஒன்று போலத்தான் இருக்கும், ஆம்புலன்ஸ்காரருக்கு வழி தெரியாது.

தலையை மெல்லப் பின்னால் சாய்த்து, தாடையை உயர்த்தி, மூச்சு வருகிறதா என்று பாருங்கள். 10 விநாடிக்கு மேல் பார்த்துக்கொண்டிருக்கக்கூடாது. ஒழுங்காக மூச்சு வந்தால் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வையுங்கள். வாந்தி வந்தாலும் தொண்டையில் அடைக்காது. உயரத்திலிருந்தோ மோட்டாரிலிருந்தோ விழுந்தவர் என்றால் கழுத்து திரும்பாதபடி தலையையும் உடம்பையும் சேர்த்துத் திருப்ப வேண்டும். மூச்சு இல்லை, அல்லது விட்டு விட்டு இழுக்கிறது என்றால் உடனே நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, 5 செண்டிமீட்டராவது அமுங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை வரை அழுத்துங்கள். ஆம்புலன்ஸ் வரும் வரை ஆள் மாற்றி ஆள் அழுத்தலாம்.

நம் ஆட்கள் பதறிப்போய் வாயில் தண்ணீர் ஊற்றுவார்கள், வலிப்பு என்றால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பார்கள். நினைவில்லாதவர் வாயில் சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றாதீர்கள், அது நுரையீரலுக்குள் போய்விடும். சாவியால் வலிப்பு நிற்காது. பூச்சிமருந்தோ களைமருந்தோ அடித்துக்கொண்டிருந்தவர் விழுந்தால், கையுறை போட்டுக்கொண்டு நனைந்த துணியைக் கழற்றி உடம்பைக் கழுவுங்கள், வாயோடு வாய் வைத்து ஊதாதீர்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மருந்து டப்பாவின் லேபிளை அவரோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். டாக்டருக்கு அந்தப் பெயர்தான் வேண்டும்.

சரி, இனி சொக்சோ. 1969-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி வேலை செய்யும்போது, வேலையால் ஏற்படும் விபத்துக்கு வேலை விபத்துத் திட்டத்தில் பாதுகாப்பு உண்டு. வீட்டுக்கும் வேலைக்கும் போய்வரும் வழியில் நடந்தாலும் சேரும். ஆனால் நேர் வழியாக இருக்க வேண்டும், சொந்த வேலைக்காக வேறு பக்கம் திரும்பியிருக்கக்கூடாது. சொக்சோ பேனல் கிளினிக்கிலோ (சொக்சோ பட்டியலில் உள்ள கிளினிக்) அரசாங்க ஆஸ்பத்திரியிலோ சிகிச்சை இலவசம். விபத்து நடந்த நாளையும் சேர்த்து 4 நாளாவது எம்.சி. (டாக்டர் தரும் மருத்துவ விடுப்புச் சீட்டு) இருந்தால், வேலைக்குப் போகாத நாட்களுக்குச் சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும், நாளுக்கு 30 ரிங்கிட்டுக்குக் குறையாது. உயிரே போய்விட்டால் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சார்ந்தோர் உதவித்தொகை உண்டு.

வேலை இடத்தில் மாரடைப்பு போன்ற சொந்த நோயால் விழுந்தால் அது தானாகவே வேலை விபத்து ஆகிவிடாது. அதற்காகக் கையை விரித்துவிட வேண்டியதில்லை. அதே சொக்சோவில் இயலாமை ஓய்வூதியத் திட்டம் என்று இன்னொன்று இருக்கிறது. அதில் நோய் வேலை இடத்தில் வந்ததா, வேலை நேரத்தில் வந்ததா என்பது கணக்கில்லை, சொக்சோவுக்குக் கட்டிய சந்தா மாதங்களும் மருத்துவக் குழுவின் முடிவும் முக்கியம். விபத்தா, நோயா என்பது எந்தத் திட்டம் என்பதையே மாற்றிவிடும். ஆகவே ஆஸ்பத்திரியில் நோயின் பெயரை நீங்களாக வைக்காதீர்கள். ஏணியிலிருந்து விழுந்தார், மருந்து அடித்துக்கொண்டிருந்தார், வெயிலில் 3 மணி நேரம் நின்றார் என்று பார்த்ததை மட்டும் சொல்லுங்கள். பார்க்கவில்லையென்றால் பார்க்கவில்லை என்றே சொல்லுங்கள்.

அன்றைக்கே ஒரு தாளில் நேரம், இடம், அவர் செய்துகொண்டிருந்த வேலை, பார்த்தவர்களின் பெயர், போன் நம்பர் எல்லாவற்றையும் எழுதி ஆபீசில் கொடுத்து, ஒரு நகலை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். விழுந்தவருக்குப் பதிலாக வேறு யார் வேண்டுமானாலும் தகவல் கொடுக்கலாம். தகவல் கிடைத்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவித்தாக வேண்டும். அன்றைய செக்ரோலில் (வேலைக்கு வந்தவர்களின் பதிவேடு) பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். வழியில் நடந்த விபத்து என்றால் போலீஸ் ரிப்போர்ட்டும், போன பாதையைக் காட்டும் ஒரு படமும் தயாராக இருக்கட்டும்.

"நீ காண்ட்ராக்டர் ஆள், உனக்கு இல்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காண்ட்ராக்டர் வழியாக எடுத்த ஆளையும் இந்தச் சட்டம் சேர்த்துத்தான் பேசுகிறது. வங்காளதேசம், இந்தோனேசியாவிலிருந்து முறைப்படி வந்து நம்மோடு குலை சுமக்கிறவர்களுக்கும் 2019 ஜனவரியிலிருந்து வேலை விபத்துத் திட்டம் உண்டு. அவர்களில் பலருக்கு இது தெரியாது, மொழியும் புரியாது. அவர்களில் ஒருவர் விழுந்தால் அந்தத் தாளை நீங்களே எழுதிக் கொடுங்கள்.