'மாரல் டெவலப்மென்ட்': ஒழுக்க வளர்ச்சி என்பது சரிதானா?

பி.எட். படித்தவர்களுக்கும் ஆசிரியர் தகுதித் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கும் 'ஒழுக்க வளர்ச்சி' பழகிய சொல். 'மாரல் டெவலப்மென்ட்' என்பதற்கு ஈடாக அதைத்தான் பெரும்பாலும் எழுதுகிறார்கள்.

சொற்பிறப்பை வைத்துப் பார்த்தால் குறை சொல்ல இடமில்லை. லத்தீனில் 'மோஸ்' என்றால் வழக்கம். கிரேக்கத்தின் 'ஏதிக்கோஸ்' என்ற சொல்லுக்கு ஈடாக, 'மோஸ்' என்பதிலிருந்து 'மொராலிஸ்' என்று ரோமானியப் பேச்சாளர் சிசரோ புதிதாக உருவாக்கினார். அதன் வழி வந்ததே 'மாரல்'. நம்முடைய ஒழுக்கம் 'ஒழுகு' என்ற வினையிலிருந்து வந்தது. நீர் ஒழுகுவதற்கும் மனிதர் ஒழுகுவதற்கும் ஒரே வினைதான். ஆக, இரண்டும் நடந்துகொள்ளும் விதத்தைச் சொல்லும் சொற்கள்.

ஆனால் உளவியலாளர்கள் இந்தப் பெயரில் ஆராய்ந்தது நடத்தையை அல்ல.

சுவிட்சர்லாந்தின் ஜான் பியாஜே 1932இல் வெளியிட்ட ஆய்வில் குழந்தைகளிடம் ஒரு கதை சொல்கிறார். ஒருவன் கதவைத் திறக்கும்போது, பின்னாலிருந்த 15 கோப்பைகள் தெரியாமல் உடைந்துவிட்டன. இன்னொருவன் ஜாமைத் திருட்டுத்தனமாக எடுக்கப்போய் ஒரே ஒரு கோப்பையை உடைத்தான். யார் செய்தது பெரிய தப்பு? சின்னக் குழந்தைகள் பலரும் 15 உடைத்தவனைக் கைகாட்டினார்கள். வளர்ந்த பிள்ளைகள் நோக்கத்தைப் பார்த்தார்கள்.

அமெரிக்கரான லாரன்ஸ் கோல்பெர்க் 1958இல் சிகாகோ பல்கலைக்கழக முனைவர் பட்ட ஆய்வுக்காக 10, 13, 16 வயதுச் சிறுவர்களிடம் பேசினார். (சிறுமிகளே இல்லை. கோல்பெர்க்குடன் பணியாற்றிய கேரல் கில்லிகன் பின்னாளில் பிடித்துக்கொண்டது இந்த இடத்தைத்தான்.) அவர்களிடம் சொன்ன கதை இது: ஹெய்ன்ஸ் என்பவரின் மனைவி சாகக் கிடக்கிறார். மருந்துக்கடைக்காரர் பத்து மடங்கு விலை சொல்கிறார். ஹெய்ன்ஸ் மருந்தைத் திருடலாமா?

திருடலாம், கூடாது என எதைச் சொன்னாலும் கோல்பெர்க்குக்கு அக்கறையில்லை. ஏன் என்பதற்கே மதிப்பெண். 'மாட்டினால் ஜெயில்' என்பது முதல் நிலை. 'நல்ல கணவன் என்றால் செய்யத்தான் வேண்டும்', 'சட்டம் என்றால் சட்டம்தான்' இரண்டும் அடுத்த நிலை. 'சொத்துரிமையைவிட உயிர் பெரிது' என்று காரணம் கண்டு சொல்வது மூன்றாவது.

இங்கே ஒழுக்கம் என்ற சொல் வழிதவற வைக்கிறது. உயர்ந்த நிலையில் நியாயம் பேசுகிறவர் ஒழுக்கமாக நடப்பார் என்று பொருளில்லையே! வளர்வது, சரி தவறை எடைபோடும் திறன். அதனால் 'அறச்சிந்தனை வளர்ச்சி' என்பதே பொருத்தம் என்பேன். குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகரும் அறத்தை ஒழுக்கம், வழக்கு (தகராறு), தண்டம் (தண்டனை) என்று மூன்றாகப் பகுத்து, ஒழுக்கத்தை அதன் ஒரு பகுதியாகத்தான் வைக்கிறார். விதித்ததைச் செய்வதும் விலக்கியதை ஒழிப்பதுமே அறம் என்று அவர் தரும் வரையறை கோல்பெர்க்கின் இரண்டாம் நிலையைத் தாண்டாது என்பது வேறு விஷயம்.

அப்புறம், அந்த இரண்டாம் நிலையின் பெயர் 'கன்வென்ஷனல்'. அதை 'மரபு நிலை' என்கிறார்கள். லத்தீன் மூலத்துக்குச் சேர்ந்து வருதல், உடன்படுதல் என்று பொருள். மரபு என்றால் முன்னோர் வழி வந்தது என்ற எண்ணம்தான் முதலில் எழும். பத்துப் பேர் ஏற்றுக்கொண்டதைத் தானும் ஏற்கும் மனநிலைக்கு 'உலக வழக்கு நிலை' இன்னும் நெருக்கம். 'உலகத்தோடு ஒட்ட ஒழுகல்' என்று குறள் சொல்வதும் அதைத்தானே.