28ஆம் நாளுக்குள் மூடவேண்டிய குழல்

கர்ப்பம் உறுதியாகி முதன்முறை வரும் பெண்களிடம், ஃபோலிக் அமில மாத்திரையை எப்போதிலிருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்பது என் வழக்கம். "நீங்கள் எழுதிக் கொடுத்ததும் இன்றைக்கே ஆரம்பித்துவிடுகிறேன், டாக்டர்" என்ற பதில்தான் பெரும்பாலும் வரும். அக்கறையோடு சொல்லப்படும் பதில் அது. ஆனால் அவர்களில் பலருக்கு அப்போது எட்டாவது வாரம் நடந்துகொண்டிருக்கும். எந்த ஒரு வேலைக்காக அந்த மாத்திரையை முதன்மையாகத் தருகிறோமோ, அந்த வேலை, அதாவது மூளையாகவும் தண்டுவடமாகவும் மாறப்போகும் நரம்புக்குழல் மூடுவது, வயிற்றிலிருக்கும் கருவில் நடந்து முடிந்து ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகியிருக்கும்.

கருத்தரித்த மூன்றாவது வாரத்தில் கரு ஒரு தட்டையான வட்டு போலத்தான் இருக்கிறது. 18ஆம் நாளையொட்டி அதன் முதுகுப்புற நடுப்பகுதி தடித்து நரம்புத்தட்டாகிறது. பிறகு அந்தத் தட்டின் இரு ஓரங்களும் வரப்பு போல மேலெழ, நடுவே ஒரு பள்ளம் விழுகிறது. எழுந்த ஓரங்கள் ஒன்றையொன்று நோக்கி வளைந்து, 22ஆம் நாள் அளவில், பின்னாளில் பிடரியாகப் போகும் இடத்தில் முதலில் ஒட்டிக்கொள்கின்றன. அங்கிருந்து தலைப்பக்கமாகவும் வால்பக்கமாகவும் இணைப்பு நகர்ந்து செல்ல, பள்ளமாக இருந்தது குழலாகிறது. தலைப்பக்க வாய் ஏறத்தாழ 25ஆம் நாளிலும், கீழ்வாய் 27 அல்லது 28ஆம் நாளிலும் மூடுகின்றன. சில மில்லிமீட்டர் நீளமே உள்ள உடலில், ஒரே வாரத்துக்குள், மூளைக்கும் தண்டுவடத்துக்குமான அடித்தளம் இப்படி அமைந்துவிடுகிறது. இத்தனை ஆண்டுகளாகப் படித்தும் பார்த்தும் வந்தபிறகும் எனக்கு இதில் வியப்பு குறையவில்லை.

இங்கே நாள்கணக்கில் ஒரு குழப்பம் உண்டு. கருவியலில் 28ஆம் நாள் என்பது கருத்தரித்த நாளிலிருந்து எண்ணுவது. நாங்கள் சீட்டில் எழுதும் வாரக்கணக்கோ கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து தொடங்குவது. இரண்டுக்கும் சுமார் இரண்டு வாரம் வித்தியாசம். ஆகவே அந்த 28ஆம் நாள், சீட்டில் ஆறு வாரம் என்று இருக்கும். மாதவிலக்கு 28 நாளுக்கு ஒருமுறை சீராக வரும் பெண்ணுக்கு, நாள் தள்ளிப்போய் இரண்டே வாரம் ஆன சமயம். பலர் அப்போதுதான் பரிசோதனை செய்யலாமா என்று யோசிக்கத் தொடங்கியிருப்பார்கள்.

தலைப்பக்க வாய் மூடாமல் போனால் மண்டையோட்டின் மேற்பகுதியும் மூளையின் பெரும்பகுதியும் உருவாகாத அனென்செஃபாலி என்ற நிலை ஏற்படுகிறது. அந்தக் குழந்தை பிழைக்க வழியில்லை. கீழ்ப்பகுதி மூடாவிட்டால் ஸ்பைனா பிஃபிடா எனப்படும் முதுகுத்தண்டுப் பிளவு. இதன் மிக லேசான வகை தோலுக்கு அடியில் மறைந்தே இருக்கும். வேறு காரணத்துக்காக எடுத்த எக்ஸ்-ரேயில் பார்த்துவிட்டு அஞ்சுபவர்களுக்கு, பெரும்பாலும் அதனால் தொல்லை இல்லை என்று சொல்லி அனுப்புகிறோம். கடுமையான வகையான மைலோமெனிங்கோசீலில் தண்டுவடமும் நரம்புகளும் பிளவு வழியே வெளியே பிதுங்கி நிற்கும். பிளவு எவ்வளவு மேலே இருக்கிறதோ அவ்வளவுக்குக் கால்களின் பலம் குறையும்; சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டில் இராது; இவர்களில் மிகப் பலருக்கு மூளையில் நீர் கோத்துக்கொள்ளும்.

19ஆம் வார ஸ்கேனுக்கு வந்த ஒரு பெண்ணின் நினைவு என்னை விடுவதில்லை. குழந்தையின் முதுகுக்கு நான் போகுமுன்பே, தலையின் முன்புறம் இருபக்கமும் உள்வாங்கி எலுமிச்சை வடிவில் தெரிந்தது; சிறுமூளை வாழைப்பழம் போல வளைந்து பின்னால் ஒட்டிக்கிடந்தது. கீழ்முதுகில் பிளவு இருப்பதை இந்த இரண்டு அடையாளங்களுமே முன்கூட்டிச் சொல்லிவிடும். எல்லாவற்றையும் விளக்கி முடித்தபின் அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "நான் என்ன டாக்டர் தப்பு செஞ்சேன்?" கிரகணத்தன்று வெளியே போனதாலா, பாரம் தூக்கியதாலா என்று உடன்வந்த உறவினர் ஒருவர் அடுக்கத் தொடங்கினார். இவை எதுவும் காரணமில்லை என்று அவருக்கும் சேர்த்தே அழுத்தமாகச் சொன்னேன். மரபணுக்களும் சூழலும் சேர்ந்து விளைவிக்கும் குறை இது. தவறாமல் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சில சமயம் நேர்வதுண்டு.

இருந்தும் மாத்திரையை இவ்வளவு வற்புறுத்துவதற்கு உறுதியான ஆதாரம் இருக்கிறது. முந்தைய கர்ப்பத்தில் இக்குறை ஏற்பட்ட பெண்கள் கருத்தரிக்கும் முன்பிருந்தே தினமும் 4 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம் எடுத்தபோது, அது மீண்டும் வருவது 72 சதவீதம் குறைந்ததை, பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 7 நாடுகளில் நடத்தி 1991இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. மறு ஆண்டே ஹங்கேரியில் வெளியான ஆய்வு, முதன்முறை வருவதையும் தடுக்கலாம் என்று காட்டியது. வேகமாகப் பெருகும் செல்கள் டி.என்.ஏ.வைப் படியெடுக்க ஃபோலேட் என்ற வைட்டமின் தேவை; அதன் மாத்திரை வடிவம்தான் ஃபோலிக் அமிலம். அந்த ஒரு வாரத்தில் நரம்புத்தட்டின் செல்கள் பெருகும் வேகம் அத்தகையது.

எனவே குழந்தைக்குத் திட்டமிடும் எந்தப் பெண்ணும், கருத்தடையை நிறுத்துவதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே தினமும் 400 மைக்ரோகிராம் எடுக்கத் தொடங்கி, முதல் மூன்று மாதம் முடியும்வரை தொடர வேண்டும். முன்பு இத்தகைய குழந்தையைச் சுமந்தவர்களுக்கும், கணவன் மனைவி இருவரில் ஒருவருக்கே இக்குறை இருந்தாலும், 4 அல்லது 5 மில்லிகிராம் அளவு தேவைப்படும். சத்து மாத்திரைகளை நாலைந்தாகச் சேர்த்து விழுங்கி அந்த அளவை எட்ட முயலக்கூடாது. அவற்றிலுள்ள வைட்டமின் ஏ மிகுந்தால் அதுவே கருவைப் பாதிக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதைக் கட்டுக்குள் கொண்டுவந்தபின் கருத்தரிப்பது நல்லது. வலிப்புக்குத் தரப்படும் வால்ப்ரோயேட் என்ற மருந்து இக்குறை வரும் வாய்ப்பைக் கூட்டும் என்பதால், அதை எடுப்பவர்கள் கருத்தரிக்கும் முன்பே நரம்பியல் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். தாமாக நிறுத்தினால் வலிப்பு மூண்டு தாயின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

மைலோமெனிங்கோசீலோடு பிறக்கும் குழந்தையைக் கைவிட வேண்டியதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பிறந்தவுடன் குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்து, முதுகுப் பையைச் சலைனில் நனைத்த தூய துணியால் மூடி, காய்ந்துவிடாமல் காத்து, கூடியவரை மூன்று நாளுக்குள் அறுவை சிகிச்சை செய்துவிடுகிறோம். இக்குழந்தைகளுக்கு லேடெக்ஸ் ரப்பர் ஒவ்வாமை எளிதில் வருவதால், முதல் நாளிலிருந்தே அந்தக் கையுறைகளைத் தொடவிடுவதில்லை. பிறகு சிறுநீர்ப்பையைக் குழாய் வைத்து வேளாவேளைக்கு வடிக்கப் பெற்றோர் கற்றுக்கொள்கிறார்கள். சிறுநீரகங்களைக் காப்பது அதுதான்.

அந்தப் பெண் இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, கர்ப்பமாகும் மூன்று மாதத்துக்கு முன்பே வந்து, மாத்திரை எழுதி வாங்கிப் போனார். 12ஆம் வார ஸ்கேனில் மண்டையோட்டின் வளைவு முழுமையாகத் தெரிந்த இடத்தில் கருவியை நிறுத்திக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "முதுகு?" என்றார். அதை உறுதியாகச் சொல்ல இன்னும் சில வாரங்கள் ஆகும் என்று கூறி, 19ஆம் வாரத்துக்குத் தேதி குறித்துக் கொடுத்தேன்.