‘சுயபுணர்ச்சிக்காரர்’ யார்?

எங்கள் சபையின் வாலிபர் கூட்டத்தில் வசனங்களை ஆளுக்கொன்றாக வாசிப்பது வழக்கம். ஒரு ஞாயிறு மாலை 1 கொரிந்தியர் 6ஆம் அதிகாரம். ஒன்பதாம் வசனம் யாருக்கு வரும் என்று முன்கூட்டியே எண்ணிப் பார்த்த ஒருவன், தண்ணீர் குடிக்க எழுந்து போய்விட்டான். அது எனக்கு வந்தது. “வேசிமார்க்கத்தாரும், விக்கிரகாராதனைக்காரரும், விபசாரக்காரரும், சுயபுணர்ச்சிக்காரரும், ஆண்புணர்ச்சிக்காரரும்” என்று ஒரே மூச்சில் ஓட்டிவிட்டு உட்கார்ந்தேன். இவர்கள் தேவனுடைய ராஜ்யத்தைச் சுதந்தரிப்பதில்லை என்று அடுத்த வசனம் முடிகிறது. கூட்டத்தை நடத்தியவர் விக்கிரகாராதனையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். சுயஇன்பம் செய்வோரைக் குறிக்கும் நான்காவது சொல்லைத் தொடவே இல்லை. பதினாறு வயதுக்காரனுக்கு அந்த மௌனமே தீர்ப்பாகிவிட்டது.

மெய்ப்புத் திருத்தும் வேலைக்கு வந்து பல வருடங்கள் கழித்துத்தான் அந்தச் சொல்லின் பூர்வீகத்தைத் தேடிப் போனேன். கிரேக்க மூலத்தில் அங்கே நிற்பது ‘மலக்கோய்’. ஒருமையில் ‘மலக்கோஸ்’. பொருள் ‘மென்மையானது’, அவ்வளவுதான். இதே சொல் மத்தேயு 11:8இலும் வருகிறது. யோவான் ஸ்நானகனைப் பற்றி இயேசு கூட்டத்தாரிடம் கேட்கிறார்: மெல்லிய வஸ்திரந்தரித்த மனுஷனையோ பார்க்கப்போனீர்கள்? அந்த ‘மெல்லிய’தான் மலக்கோஸ். ஒரே வேதப் புத்தகம், ஒரே கிரேக்கச் சொல். ஓரிடத்தில் பட்டுத் துணிக்கு அடைமொழி, இன்னோரிடத்தில் நரகத்துக்கு வழி.

மொழிபெயர்த்தவர்கள் இதைத் தாமாக இட்டுக்கட்டவில்லை. ஆண் ‘மென்மையாக’ இருப்பது இழிவு என்ற எண்ணம் பழைய கிரேக்க, ரோமானிய உலகில் ஊறியிருந்தது. லத்தீன் வேதாகமம் அதை ‘மொல்லெஸ்’, மெல்லியர், என்றே விட்டது. 1611இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு, பெண்தன்மை கொண்ட ஆண் என்று பொருள்படும் சொல்லைப் போட்டது. ஆனால் திருச்சபையின் பிராயச்சித்த விதிகளில் இந்த ‘மென்மை’ மெல்ல மெல்ல ஒரு குறிப்பிட்ட செயலின் பெயராக இறுகிவிட்டது. கிரேக்கத் திருச்சபையில் ‘மலக்கியா’ என்றால் இதுதான். 13ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸும் இந்தப் பாவத்தைச் சிலர் ‘மொல்லிட்டியெஸ்’, அதாவது மென்மை, என்று அழைப்பதாக எழுதுகிறார். இன்றும் கிரேக்கத் தெருக்களில் ‘மலாக்கா’ என்பது சர்வ சாதாரணமான வசவு. தமிழ் மொழிபெயர்ப்பு அந்தப் பிற்கால மரபின் வழியில் நின்று ‘சுயபுணர்ச்சிக்காரர்’ என்று எழுதிவிட்டது. இன்றைய ஆய்வாளர்களில் பலர் இங்கே வேறு பொருள்களையே காண்கிறார்கள். ஆண்களுக்கிடையிலான உறவில் ஒரு தரப்பினர் என்பது ஒன்று, சுகபோகத்தில் மூழ்கியவர் என்பது மற்றொன்று. பின்னாளில் வந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் சுயபுணர்ச்சி என்ற சொல் அந்த இடத்தில் இல்லை.

இதன் விளைவு சின்னதல்ல. ‘வேதத்தில் எங்கே தடை இருக்கிறது?’ என்று வேறு மொழிக்காரர் ஒருவரைக் கேட்டால், நேரடியான வசனம் கிடைக்காமல் சுற்றி வளைத்துத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பழைய மொழிபெயர்ப்பை வாசிக்கும் தமிழருக்கோ அதிகாரமும் வசன எண்ணும் தயாராக இருக்கின்றன. மூல நூலில் பெயர் சொல்லப்படாத ஒன்றுக்குத் தமிழில் பெயர் சொல்லித் தண்டனை இருக்கிறது.

சொல்லாக்கத்திலும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. புணர்ச்சிக்கு இருவர் வேண்டும். இலக்கணத்தில்கூட நிலைமொழி ஒன்று, வருமொழி ஒன்று இல்லாமல் புணர்ச்சி நடக்காது. ஒற்றைச் சொல் தனக்குத் தானே எப்படிப் புணரும்? வடமொழி வழி வந்த ‘கரமைதுனம்’, ‘முட்டிமைதுனம்’ ஆகியவற்றுக்கும் இதே சங்கடம். மிதுனம் என்றால் இணை. ராசிச் சக்கரத்தில் மிதுனத்துக்கு இரட்டையரைப் படமாகப் போடுவது அதனால்தான். இணையே இல்லாத இடத்தில் மைதுனம் என்பது ஒற்றைக்கால் கொலுசு மாதிரி.

சுற்றி வளைத்துப் போகிறவர்கள் கடைசியில் போய் நிற்கும் இடம் ஆதியாகமம் 38. யூதாவின் மூத்த மகன் ஏர் பிள்ளையில்லாமல் இறந்துபோகிறான். அவன் மனைவி தாமாரைத் தம்பி ஓனான் சேர்ந்து, அண்ணன் பெயருக்கு வாரிசு உண்டாக்க வேண்டும். பிள்ளை தன்னுடையதாகக் கணக்கில் வராது என்று தெரிந்த ஓனான், அவளைச் சேரும்போதெல்லாம் வித்தைத் தரையிலே விழவிடுகிறான். கர்த்தர் அவனைக் கொன்றுபோடுகிறார். கதை இவ்வளவுதான். இதில் தனியறையும் இல்லை, தனிமையும் இல்லை. அண்ணன் மனைவியை அனுபவித்துக்கொண்டே, அண்ணனுக்குச் சேர வேண்டிய வாரிசை ஏமாற்றிய ஒரு தம்பி இருக்கிறான். கொழுந்தன் கடமையை மறுப்பதற்கு உபாகமம் 25 சொல்லும் தண்டனை வெறும் அவமானம்தான்: ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் அண்ணன் மனைவி அவன் காலணியைக் கழற்றி, அவன் முகத்தில் துப்புவாள். ஓனானுக்கு மட்டும் ஏன் மரணம் என்பதில்தான் விளக்கங்கள் பிரிகின்றன. வாரிசை ஏமாற்றியது குற்றமா, வித்தை வீணாக்கியது குற்றமா? யூதச் சட்ட விவாதத் தொகுப்பான தல்மூதின் ஆசிரியர்கள் இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு, ‘வித்தை வீணாக வெளியேற்றுதல்’ என்று ஒரு தனிக் குற்றத்தையே வகுத்தார்கள்.

ஓனானின் பெயர் இந்தப் பழக்கத்தோடு நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது 18ஆம் நூற்றாண்டில்தான். அதன் தொடக்கத்தில் லண்டனில் பெயர் போடாத ஒருவர் ‘ஓனானியா’ என்றொரு சிறுநூலை வெளியிட்டார். பாவத்தை விவரித்து, அதால் வரும் நோய்களை விவரித்து, கூடவே மருந்தையும் விற்ற புத்தகம் அது. 1760இல் இன்றைய சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து மருத்துவர் டிஸோ பிரெஞ்சில் எழுதிய ‘ஓனானிசம்’ வந்ததும், பாவம் அதிகாரப்பூர்வமாக நோயாகிவிட்டது. பாவமன்னிப்புக் கூண்டிலிருந்து மருந்துக்கடைக்கு ஒரு சொல் நடந்தே போய்ச் சேர்ந்த தூரம் அரை நூற்றாண்டு.

அந்த மருந்துக்கடை நம் ஊரிலும் உண்டு. மாதத்தில் எந்தத் தேதி எந்த ஊர் லாட்ஜ் என்று பட்டியல் போட்டு வரும் வைத்தியர் விளம்பரங்களைப் பார்க்காத தமிழர் குறைவு. ‘இளமையில் செய்த தவறு’, ‘கைப்பழக்கம்’, ‘நரம்புத் தளர்ச்சி’ ஆகிய மூன்றும் எப்போதும் சேர்ந்தே வரும். விந்து ஏழு தாதுக்களில் கடைசிச் சாரம், ரத்தத்தைக் கடைந்து எடுத்தது என்ற நம்பிக்கை அவர்களுக்கு முதலீடு. ‘விந்து விட்டவன் நொந்து கெட்டான்’ என்ற சொலவடையை அட்டையிலேயே அச்சடித்துத் தருகிறவர்களும் உண்டு. உண்மையில் அந்தத் திரவத்தின் பெரும்பகுதி விந்துப் பைகளும் புராஸ்டேட் சுரப்பியும் சுரப்பது. ரத்தம் எதுவும் தீர்ந்துபோவதில்லை. விந்து வீணாகிறது என்ற பயமே உடலை வாட்டுவதைக் கண்ட மனநல மருத்துவர் என். என். விக், 1960இல் அதற்கு ‘தாது நோய்க்குறி’ என்று பெயர் வைத்தார்.

இஸ்லாமியச் சட்ட நூல்களின் சொல் ‘இஸ்திம்னா’. விந்தைக் குறிக்கும் ‘மனீ’யிலிருந்து பிறந்தது. ‘இஸ்திக்ஃபார்’ என்றால் மன்னிப்பைத் தேடுவது, அதுபோல இஸ்திம்னா என்றால் விந்தை வரவழைக்கத் தேடுவது. சொல்லுக்குள் வசவு இல்லை, தீர்ப்பு வெளியிலிருந்து வருகிறது. குர்ஆன் 23ஆம் அத்தியாயத்தின் 5 முதல் 7 வரையான வசனங்கள், கற்பைக் காப்போரைப் புகழ்ந்து, மனைவியரும் உடைமைப் பெண்களும் தவிர ‘இதற்கு அப்பால் நாடுவோர் வரம்பு மீறியோர்’ என்கின்றன. அந்த ‘அப்பால்’ என்பதற்குள் இதுவும் அடங்கும் என்று கொண்டு ஷாஃபி, மாலிக்கி சட்ட மரபுகளின் அறிஞர்கள் ஹராம், அதாவது தடுக்கப்பட்டது, என்றார்கள். ஹனஃபி நூல்கள் பொதுவில் தடுத்தாலும், விபச்சாரத்தில் விழுந்துவிடுவோம் என்ற அச்சம் உள்ளவனுக்குச் சற்றே கதவைத் திறந்து வைத்தன. ஹன்பலி மரபிலும் அப்படியொரு விலக்கு உண்டு. முஸ்லிம் ஸ்பெயினான ஆந்தலூசியாவின் அறிஞர் இப்னு ஹஸ்மோ, வெறுக்கத்தக்கதே தவிர ஹராம் என்று சொல்ல ஆதாரம் இல்லை என்றார். தமிழ் முஸ்லிம்களில் காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபி மரபும், உள்நாட்டில் ஹனஃபி மரபும் வேரூன்றியிருப்பதால், இதே கேள்விக்கு இரண்டு ஊர்களில் இரண்டு அழுத்தங்களில் பதில் கிடைக்கலாம். மணமுடிக்க வசதியில்லாத இளைஞன் நோன்பு வைக்கட்டும் என்ற நபிமொழியை மட்டும் எல்லா இடத்திலும் சொல்வார்கள்.

கத்தோலிக்கத் திருச்சபையின் வாதம் கொரிந்தியர் வசனத்தை நம்பி நிற்பதில்லை. பாலுறவு எதற்காக என்ற நோக்கத்திலிருந்து அது தொடங்குகிறது. 1992இன் மறைக்கல்வி நூல், பத்தி 2352இல், இதைக் கடுமையான ஒழுங்குகேடு என்கிறது. அதே பத்தி, முதிர்ச்சியின்மை, பழக்கத்தின் பிடி, பதற்றம் ஆகியவை ஒருவரது பொறுப்பைக் குறைக்கும் என்றும் சொல்கிறது. பிரசங்கங்களில் பத்தியின் முற்பாதியைத்தான் கேட்டிருக்கிறேன்.

மனுஸ்மிருதி 2ஆம் அத்தியாயத்தில் இது ஒரு விரதச் சிக்கல். குருகுலத்துப் பிரமச்சாரி தனியே படுக்க வேண்டும், வேண்டுமென்றே விந்தைச் சிந்தினால் தன் விரதத்தைத் தானே கெடுத்துக்கொள்கிறான் என்கிறது. தூக்கத்தில் தானாக நேர்ந்தால் குளித்து, சூரியனை வணங்கி, ஒரு மந்திரத்தை மூன்று முறை சொன்னால் போதும். புத்த பிக்குகளின் விநய விதியும் கிட்டத்தட்ட அதே வடிவில் இருக்கிறது: கனவில் நேர்வது நீங்கலாக, வேண்டுமென்று செய்வது சங்கத்தைக் கூட்டித் தீர்க்க வேண்டிய குற்றம். சேய்யசகர் என்ற பிக்குவை வைத்து வந்த விதி அது. இல்லறத்தாருக்கான ஐந்து சீலங்களில் இதன் பெயரே இல்லை. துறவிக்கும் மாணவனுக்கும் போட்ட கட்டுப்பாட்டைப் பஸ்ஸில் வேலைக்குப் போகிறவன் தலையில் கட்டியது பிற்காலத்தார் கைங்கரியம்.

சரி, தமிழில் எதை எழுதுவது? ‘கைப்பழக்கம்’ வேண்டாம். பெயரிலேயே அடிமைத்தனத்தை வைத்திருக்கிறது. ‘சுயஇன்பம்’ இன்று எல்லோருக்கும் புரிகிறது, திட்டாமலும் சொல்கிறது. சந்திதான் உறுத்துகிறது: முறைப்படி ‘சுயவின்பம்’ என்று வர வேண்டும், ஒருவரும் அப்படி எழுதுவதில்லை. ‘தன்னின்பம்’ என்றால் அந்தத் தொல்லை இல்லை. தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும் என்ற நன்னூல் விதிப்படி தன்னும் இன்பமும் அழகாகச் சேர்ந்துகொள்கின்றன.

இன்னொரு காரணமும் உண்டு. ஓனான், மனீ, வித்து, விந்து, தாது என்று மேலே கண்ட சொற்களைத் திரும்பிப் பாருங்கள். எல்லாமே ஆணின் ஒரு துளியைச் சுற்றியே நிற்கின்றன. பெண்ணுக்கு அந்த அகராதியில் இடமே இல்லை. இன்பத்தை வைத்துக் கட்டிய சொல்தான் அவளையும் சேர்த்துக்கொள்கிறது.

அண்மையில் மருத்துவக் கையேடு ஒன்று மெய்ப்புக்கு வந்தது. ‘பெண்களும் விந்து விரயமும்’ என்றொரு துணைத்தலைப்பு. சிவப்பு மையால் அடித்துவிட்டு ‘தன்னின்பம்’ என்று எழுதினேன். நூலாசிரியரான மருத்துவர் தொலைபேசியில் அழைத்தார். “சொல் நன்றாகத்தான் இருக்கிறது ஐயா, ஆனால் தேடுகிறவர்கள் சுயஇன்பம் என்றுதானே தேடுவார்கள்?” என்றார். தலைப்பில் அவர் சொல்லையும் பத்திக்குள் என் சொல்லையும் போட்டு அச்சுக்கு அனுப்பினோம்.