சட்டமூலம் சட்டமாகும் முன்பே எழுதுங்கள்

இலங்கையில் ஒரு சட்டமூலம் பாராளுமன்றத்தில் நிறைவேறி, சபாநாயகர் சான்றுரை எழுதிவிட்டால், அது அரசியலமைப்புக்கு முரணானது என்று பிறகு எந்த நீதிமன்றத்திலும் வழக்காட முடியாது. அரசியலமைப்பின் 80(3) உறுப்புரை அப்படிச் சொல்கிறது. இந்தியாவில் சட்டம் வந்த பிறகும் வழக்குப் போடலாம். இங்கே அந்த வழி அடைக்கப்பட்டிருக்கிறது. சொல்ல இருப்பதைச் சட்டமாகும் முன்பே சொல்லியாக வேண்டும். வன்னியில் காணி வழக்குகளோடு நாட்களைக் கழிக்கும் ஒரு சட்டத்தரணியாக, இந்த ஒரு விடயம் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன்.

சட்ட உதவி முகாம்களில் இதைச் சொன்னால் முதலில் வரும் பதில், "எத்தனை தரம் பிள்ளை சொல்லுறது?" நியாயமான கேள்வி. 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு வந்தது. 2014இல், காணாமற்போனோர் பற்றி விசாரித்த பரணகம ஆணைக்குழு கிளிநொச்சியில் அமர்வு நடத்தியது. 2016இல் நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றிக் கருத்துக் கேட்ட செயலணிக்கு 7,300க்கும் மேற்பட்ட கருத்துகள் கிடைத்தன. ஆனால் செயலணி கேட்டு முடிக்கும் முன்பே, அந்த ஆண்டு ஆகஸ்டில், காணாமற்போனோர் அலுவலகச் சட்டம் நிறைவேறிவிட்டது. இதைப் பார்த்த, காணாமற்போனவர்களின் தாய்மாருக்கு அலுப்பு வராமல் என்ன செய்யும்?

ஆனாலும் ஒன்றை மறக்கக் கூடாது. 2010இல் கொண்டுவரப்பட்ட இறப்புப் பதிவு பற்றிய தற்காலிகச் சட்டம், காணாமற்போனவருக்கு இறப்புச் சான்றிதழ் ஒன்றைத்தான் தந்தது. பல குடும்பங்கள் அதை வாங்க மறுத்தன. இறந்ததாக ஒப்புக்கொண்டால் தேடும் உரிமை போய்விடும் என்று காரணமும் சொன்னார்கள். 2016இல் வந்த திருத்தம், இறந்தவர் என்று எழுதாமல், காணாமற்போனவர் என்றே பதிந்து சான்றிதழ் பெறும் வழியை உண்டாக்கியது. காணாமற்போனவர்கள் கிடைக்கவில்லை, உண்மைதான். ஆனால் "இந்தச் சட்டத்தின் இந்த ஏற்பாடு எங்களுக்கு ஏன் பொருந்தாது" என்று காரணத்தோடு சொன்ன சொல்லுக்கு எடை இருந்தது.

ஆணைக்குழு கேட்பது என்ன நடந்தது என்று. சட்டச் சீர்திருத்தத்தில் கேட்பது, எந்த விதி எங்கே இடிக்கிறது, அதை எப்படி மாற்றலாம் என்று. நான் பார்க்கும் கடிதங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டாவது கேள்விக்குப் போகாமலே முடிந்துவிடுகின்றன.

பெர்மிட் காணியை, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தோடு கொடுத்த காணியை, எடுத்துக்கொள்வோம். எங்கள் பக்கக் குடியேற்றத் திட்டக் காணிகள் பல 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்டவை. பெர்மிட்காரர் தனக்குப் பின் காணியைப் பெறும் பின்னுரித்தாளரை நியமிக்காமல் இறந்து, துணையும் இல்லையென்றால், சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படிதான் காணி போகும். அதில் நீண்ட காலம் ஆண் பிள்ளைக்கே முன்னுரிமை இருந்தது. தகப்பனோடு சேர்ந்து வயல் செய்த மகள் காத்திருக்க, எங்கே என்றே தெரியாத அண்ணனின் பெயர் முன்னால் நிற்கும். 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த ஆண் முன்னுரிமையை நீக்கியது. ஆனால் இடப்பெயர்வில் பெர்மிட்டே தொலைந்தவர்களின் சிக்கல் அப்படியே கிடக்கிறது.

இதைப் பற்றி எழுதும் ஒருவர் "எங்கள் காணிப் பிரச்சினையைத் தீர்க்க வேண்டும்" என்று எழுதினால், வாசிக்கும் அதிகாரி தலையாட்டிவிட்டு அடுத்த கடிதத்தை எடுப்பார். பெர்மிட் எப்போது, எந்த இடப்பெயர்வில் தொலைந்தது, பிரதேச செயலகத்தில் என்ன ஆவணம் கேட்டார்கள், அதை ஏன் கொடுக்க முடியவில்லை, பழைய வாய்க்கால் வரிப் பற்றுச்சீட்டையோ அயலவரின் சத்தியக் கடதாசியையோ ஆதாரமாக ஏற்கலாம் என்று சட்டத்தில் ஒரு வரி சேர்க்க முடியுமா என்று எழுதினால், சட்டம் வரைபவருக்கு வேலை செய்ய ஏதோ கிடைக்கிறது. ஒரு பக்கம் போதும். பிரிவு இலக்கம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, நடந்ததை ஒழுங்காகச் சொன்னால் பிரிவைக் கண்டுபிடிப்பது அவர்கள் வேலை. கமக்காரர் அமைப்போ மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமோ சேர்ந்து எழுதினால் இன்னும் நல்லது. ஆனால் ஒரே கடிதத்தில் எல்லோரும் கையெழுத்துப் போடுவதைவிட, வேறு வேறு அனுபவங்களை இணைத்து அனுப்புங்கள். நீதிமன்றத்தில் நடக்கும் வழக்கு என்றால் உங்கள் சட்டத்தரணியைக் கேட்காமல் விவரம் எழுத வேண்டாம்.

பெயர் போட்டு எழுதினால் யாராவது வீட்டுக்கு வந்து விசாரிப்பார்களோ என்ற பயம் இங்கே இருக்கிறது. அதை வெறும் பயம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. சங்கத்தின் பெயரில் எழுதலாம். பெயரை வெளியிட வேண்டாம் என்று கடிதத்தின் தலைப்பிலேயே கேட்டும் எழுதலாம்.

யாருக்கு எழுதுவது? வரைவு நிலையில் இருந்தால் நீதி அமைச்சுக்கோ அந்தத் துறை அமைச்சுக்கோ. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான சட்ட ஆணைக்குழு, பழைய சட்டங்களைத் திருத்துவது பற்றி ஆராயும் இடம். பாராளுமன்றத்துக்குப் போய்விட்டால் உங்கள் உறுப்பினருக்கும் துறைசார் மேற்பார்வைக் குழுவுக்கும். ஒன்றைக் கவனியுங்கள்: வன்னித் தேர்தல் மாவட்டம் என்பது மன்னார், வவுனியா, முல்லைத்தீவு. கிளிநொச்சிக்காரரின் உறுப்பினர்கள் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்திலிருந்து தெரிவானவர்கள். வட மாகாண சபை 2018 ஒக்டோபரில் காலம் முடிந்த பிறகு கூடவே இல்லை. மாகாண விடயங்கள் பற்றிய சட்டமூலத்துக்கு மாகாண சபையின் அபிப்பிராயம் கேட்க வேண்டும் என்ற பாதுகாப்பு, சபையே இல்லாத இடத்தில் எங்களுக்கு என்ன பயன்? அதனால்தான் நேரடியாக எழுதுவது எங்களுக்குக் கூடுதல் அவசியம்.

சட்டமூலம் பாராளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில் (நிகழ்ச்சி நிரலில்) வந்த பின், எந்தக் குடிமகனும் அரசியலமைப்பின் 121ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் போகலாம். ஆனால் அதற்கான அவகாசம் மிகக் குறுகியது. அதனால் சட்டமூலம் வெளியாகும் வர்த்தமானியை வந்த அன்றே பார்க்கும் பழக்கம் தேவை. அரச அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழிலும் கிடைக்கும். 2025 மார்ச் 28 வர்த்தமானி நினைவிருக்கிறதா? யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில் ஏறத்தாழ 5,940 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோர வேண்டும் என்றது. அது சட்டமூலம் அல்ல, காணி நிர்ணய அறிவித்தல். ஜூனில் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. யாரும் கவனிக்காமல் இருந்திருந்தால் அந்த மூன்று மாதமும் சத்தமில்லாமல் ஓடியிருக்கும்.

கடிதத்தைத் தமிழிலேயே எழுதுங்கள், அது உங்கள் அரசியலமைப்பு உரிமை. பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியையும் பற்றுச்சீட்டையும் வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், கிடைத்த கருத்துகள் என்ன செய்யப்பட்டன என்று அந்த அமைச்சின் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும்.