சத்தம் போடாமல் தேயும் லிமிட்டெட் ஸ்லிப்

ஒரு பின் சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றாமல் தடுக்கும் டிஃபரன்ஷியல்தான் லிமிட்டெட் ஸ்லிப். திருப்பத்தில் பின்பக்கம் கடகடவென்று அதிர்ந்ததும் "லிமிட்டெட் ஸ்லிப் போயிடுச்சு" என்று பிக்கப்பின் ஆக்ஸிலைப் பிரித்துவிடுகிறார்கள். அதிர்கிறது என்றால் டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் கிளட்ச் தகடுகள் இன்னும் பிடிக்கின்றன என்றுதான் அர்த்தம். உண்மையில் தேய்ந்துபோனது சத்தமே போடாது. சேற்றில் ஒரு சக்கரம் சும்மா சுற்றி, மற்றது அசையாமல் நிற்கும்போதுதான் விஷயம் தெரியவரும்.

சாதாரண டிஃபரன்ஷியல் இரண்டு சக்கரத்துக்கும் முறுக்குவிசையைச் சமமாகவே பிரிக்கும். சேற்றில் உள்ள சக்கரம் 100 நியூட்டன் மீட்டருக்கு மேல் தாங்காது என்றால், கெட்டித் தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அதே 100தான் கிடைக்கும். கிளட்ச் வகை லிமிட்டெட் ஸ்லிப்பில் சக்கரத்தின் அச்சோடு சுற்றும் பக்க கியருக்கும் டிஃபரன்ஷியல் கூட்டுக்கும் நடுவே எஃகுத் தகடும் உராய்வுத் தகடும் மாறி மாறி அடுக்கி, ஸ்பிரிங்கால் அழுத்தியிருப்பார்கள். ஒரு சக்கரம் மட்டும் வேகமெடுத்தால் இந்த அடுக்கு அதைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். அந்த அளவுக்கு மறுபக்கம் கூடுதல் விசை போகும்.

அதிர்வுக்குக் காரணம் பெரும்பாலும் ஆயில். தகடுகள் நழுவத் தொடங்கத் தேவையான விசை, நழுவிக்கொண்டிருக்கத் தேவையானதைவிட அதிகமானால், தரையில் இழுக்கும் பீரோ போல விட்டுவிட்டு நகரும். ஃபிரிக்‌ஷன் மாடிஃபையர் என்ற, ஆயிலில் கலக்கும் சேர்மானம் இந்த வித்தியாசத்தைக் குறைக்கிறது. ஆகவே முதலில் பழைய ஆயிலை இறக்கி, கையேட்டில் சொன்ன ஜிஎல்-5 தர கியர் ஆயிலையும் மாடிஃபையரையும் ஊற்றுங்கள். மாடிஃபையர் பல வண்டிகளுக்கு 118 மில்லி பாட்டில் ஒன்று; சில ஆயில்களில் ஏற்கெனவே கலந்திருக்கும், மேலும் ஊற்றினால் பிடிப்புதான் குறையும். ஆயில் இறக்குவதற்கு முன்பே ஊற்றும் துளையின் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். பிறகு காலி மைதானத்தில் மெதுவாக எட்டுப் போட்டு ஓட்டினால் புது ஆயில் தகடுகளுக்குள் இறங்கும். ஃபோர் வீல் டிரைவ் வண்டியானால், அதிர்வைச் சோதிக்கும்போது அது டூ வீலில் இருக்கட்டும்.

அதிர்வு இல்லை, பிடிப்பும் இல்லை என்றால் சோதனைக்குப் போகலாம். அதற்கு முன் வகையை உறுதிசெய்யுங்கள். பல ஷெவர்லே, ஜிஎம்சி பிக்கப்புகளில் வரும் ஈட்டன் ஜி80 தானாகப் பூட்டிக்கொள்ளும் லாக்கர். இரண்டு சக்கரங்களுக்கும் நிமிடத்துக்குச் சுமார் 100 சுற்று வித்தியாசம் வந்தால்தான் பூட்டும். கையால் சுற்றிப் பார்த்துக் கெட்டுவிட்டது என்று சொல்லக் கூடாது. கிளட்ச் தகடுகளுக்குப் பதில் சாய்ந்த பல் கியர்களால் பிடிக்கும், ஸ்பிரிங் அழுத்தம் இல்லாத ஹெலிகல் கியர் வகையும் இந்தச் சோதனையில் சாதாரண டிஃபரன்ஷியல் போலவே நடந்துகொள்ளும்.

கிளட்ச் வகைக்குச் சோதனை இதுதான். முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஒரு பின் சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கியர் நியூட்ரலில், ஹேண்ட்பிரேக் விடுபட்டு இருக்க வேண்டும். தூக்கிய சக்கரத்தின் மையத்தில் அடாப்டர் பொருத்தி, டார்க் ரெஞ்சால் சுற்றுங்கள். சக்கரம் சுற்றத் தேவைப்படும் விசையைக் கையேட்டு அளவோடு ஒப்பிடுங்கள். ஃபோர்டின் டிராக்‌ஷன்-லாக் என்ற கிளட்ச் வகையில் ஓடித் தேய்ந்த அடுக்குக்குக்கூடக் குறைந்தது 27 நியூட்டன் மீட்டர் வேண்டும். கையாலேயே லேசாகச் சுற்றினால் அடுக்கு தேய்ந்துவிட்டது. ஒரு சக்கரம் தரையில் இருக்கும்போது இன்ஜினை ஓடவிட்டுக் கியர் போடவே கூடாது: கிளட்ச் நன்றாக இருந்தால் வண்டி ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிடும். சேற்றில் ஓட்டிப் பார்ப்பதானால் டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைத்துவிடுங்கள். அது பிரேக் பிடித்துச் சுற்றும் சக்கரத்தை அடக்கி, செத்த கிளட்சையும் உயிரோடு இருப்பதாகக் காட்டும்.

வேகத்தோடு ஏறும் ஊளைச் சத்தத்துக்குப் பேரிங்கையும், இன்ஜின் விசையை ஆக்ஸிலுக்குத் திருப்பும் கிரவுன், பினியன் கியர்களையும் பாருங்கள். அது கிளட்சின் வேலை இல்லை.

மூடியைத் திறந்தால் காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருப்பது சகஜம். உலோகச் சில்லுகள் இருந்தால் கியரையோ பேரிங்கையோ சந்தேகப்படுங்கள். எஃகுத் தகடு நீலம் பாய்ந்திருந்தால் அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது. புது உராய்வுத் தகடுகளை மாடிஃபையர் கலந்த ஆயிலில் ஊறவைத்தபின்தான் அடுக்க வேண்டும். உலர்ந்தபடி பூட்டினால் முதல் திருப்பங்களிலேயே கருகக்கூடும். டிராக்‌ஷன்-லாக்கின் எஸ் வடிவ ஸ்பிரிங் வெளியே எடுக்கும்போது சீறிப் பாயும், கண்ணாடி அணியாமல் தொடாதீர்கள்.

பிரித்துப் பூட்டும் முன் பின் டயர்கள் இரண்டின் சுற்றளவையும் அளந்துவிடுங்கள். ஒன்று புதிது, மற்றது தேய்ந்தது என்றால் நேர் சாலையிலும் தகடுகள் ஓயாமல் உரசும். பழைய அடுக்கைத் தின்ற அதே காரணம் புதியதையும் தின்றுவிடும்.