மாதவிலக்கு இல்லங்க, மாதவிடாய்

"மாதவிலக்கு பத்தி ஆண்கள்கிட்ட வெளிப்படையா பேசுங்க." இந்த வரிய எத்தனை தடவை கேட்டாச்சுன்னு எனக்கே கணக்கு இல்ல. மே 28 வந்தா போதும் (28 நாள் சுழற்சி, 5 நாள் ரத்தப்போக்குன்னு கணக்கு வச்சு 5வது மாசத்துல 28ஆம் தேதிய மாதவிடாய் சுகாதார நாளா வச்சிருக்காங்க), போஸ்டர், வீடியோ, சப்டைட்டில் எல்லாத்துலயும் இதே வரிதான். சொல்ற விஷயம் ரொம்ப நல்ல விஷயம், எனக்கு அதுல ஒரு மறுப்பும் இல்ல. ஆனா வெளிப்படையா பேசுன்னு சொல்லிட்டு, பேசறதுக்கு தள்ளி வைன்னு அர்த்தம் வர்ற ஒரு சொல்ல கையில குடுத்தா எப்படிங்க?

என் பையனுக்கு 13 வயசு. அந்த வீடியோ ஒண்ண பாத்துட்டு வந்து கேட்டான், "அம்மா, மதுவிலக்குன்னா மது கூடாது, வரிவிலக்குன்னா வரி கிடையாது, அப்ப மாதவிலக்குன்னா எது கூடாது?" பதில் சொல்ல வாயெடுத்தேன், வரல. ஏன்னா உண்மையான பதில் "அந்த நாள்ல நான்தான் கூடாது"ங்கறது.

சொல்லோட கதைய சுருக்கமா சொல்லிடறேன். விடாய்ன்னா களைப்பு, தாகம். மாசாமாசம் வர்ற விடாய், மாதவிடாய். அவ்ளோதான். மாதம் வடசொல், திங்கள்னு மாத்தணும்னு சில தனித்தமிழ் அன்பர்கள் கேப்பாங்க, மாத்தினா அழகாத்தான் இருக்கும், நிலாவுக்கும் மாசத்துக்கும் ஒரே பேர் வச்ச மொழி நம்மளோடது, ஆனா இப்ப அவசரம் அது இல்ல. மாதம்னு சொன்னா சின்னப் புள்ளைக்கும் புரியுது, விட்டுடலாம். பழைய சொல்லு பூப்பு. இன்னைக்கு அது முதல் தடவை வர்றதுக்கு மட்டும்னு சுருங்கிப் போச்சு.

மாதவிலக்குக்கு வர்றேன். இதோட அம்மா யாருன்னா வீட்டுவிலக்கு. அதோட அக்கா தங்கச்சிங்கதான் "வீட்டுக்குத் தூரம்", "விலக்காயிட்டா", "தீட்டு" எல்லாம். இதுல எந்தச் சொல்லாவது அந்தப் பொண்ணோட உடம்புல என்ன நடக்குதுன்னு சொல்லுதா பாருங்க. ஒண்ணு கூட இல்ல. சுத்தி இருக்கறவங்க அவள என்ன பண்றாங்கங்கறதத்தான் சொல்லுது. விடாய்ங்கறது அவளுக்கு எப்படி இருக்குன்னு சொல்ற சொல்லு, விலக்குங்கறது அவள எங்க வைக்கணும்னு சொல்ற சொல்லு. எனக்கு இந்த ஒரு வித்தியாசமே போதும்.

இதுக்கு ஒருத்தர் இலக்கணம் சொன்னார். ஒழுகு, ஒழுக்கு ஆகற மாதிரி விலகு, விலக்கு ஆகும், கருப்பையோட உள்சவ்வு விலகி வெளிய வர்றதால விலக்கு, அதுல தப்பே இல்லன்னு. ஒழுக்கு சரிங்க, போக்கு கூட சரி. ஆனா விலக்குன்னு முடியற சொல்ல எல்லாம் வரிசையா எடுத்துப் பாருங்க, மதுவிலக்கு, வரிவிலக்கு, விதிவிலக்கு, வீட்டுவிலக்கு, எதுலயாவது எதாவது தானா விலகுதா? எல்லாத்துலயும் யாரோ ஒருத்தர் எதையோ விலக்கறாங்க. கேக்கற காதுக்கு அந்த அர்த்தம்தான் விழும். பயாலஜிய பின்னாடி கொண்டு வந்து ஒட்ட வச்சா சொல்லோட பொறப்பு மாறிடாது.

இன்னொருத்தர், பெண்களுக்கு ஓய்வு குடுக்கத்தான் வேலையிலேர்ந்து விலக்கு குடுத்தாங்கன்னார். ஓய்வுன்னா ஓய்வுன்னே பேர் வச்சிருக்கலாமே. ஓய்வு எடுக்கறவ எதைத் தொட்டா என்ன?

பழசுலேர்ந்து இப்படித்தான்னு சொல்றவங்களுக்கும் ஒரு விஷயம். தள்ளி நிக்கற பழக்கம் பழசுதான், நான் மறைக்கல, புறநானூறு 299ஆம் பாட்டுல முருகன் கோட்டத்துல (கோயில்ல) அந்த நாள்னு கலம், அதாவது பாத்திரம், தொடாம தள்ளி நிக்கற மகளிர் வர்றாங்க. ஆனா அதே பழசுலதான் தொல்காப்பியமும் இருக்கு, கற்பியல்ல, பரத்தைகிட்ட போன கணவன் கூட மனைவிக்கு பூப்பு வந்ததுலேர்ந்து ஈராறு நாள், அதாவது 12 நாள், அவள விட்டுப் பிரிஞ்சு இருக்கக் கூடாதுன்னு சொல்லுது. அதாவது அந்த விதி ஆம்பளைக்கு. அவனுக்கு விஷயம் தெரிஞ்சிருக்கணும், தெரிஞ்சாத்தானே நாள் எண்ண முடியும்! அங்க சொல்லு பூப்பு, விலக்கு இல்ல.

இத ஏன் இவ்ளோ இழுக்கறேன்னா, ஆண்கள்கிட்ட பேசறப்ப சொல்லு மழுப்பலா இருந்தா அவங்களுக்குப் போய்ச் சேர்ற தகவலும் மழுப்பலாத்தான் இருக்கும். சிறுநீர் மாதிரி அடக்கி வச்சுக்கலாம்னு நெனைக்கற படிச்ச ஆம்பளைங்கள நானே பாத்திருக்கேன். அடக்க முடியாது, அது கருப்பை சுருங்கித் தள்ளறது, அந்தச் சுருக்கம்தான் வலி. பெரியவங்களுக்கு சுழற்சி 21லேர்ந்து 35 நாள் வரைக்கும் எப்படி வேணா இருக்கலாம், அதனால "போன மாசம் 5ஆம் தேதிதானே வந்துச்சு"ன்னு காலண்டர காட்டி வாதாட முடியாது. ஒரு தடவைக்கு 80 மில்லிக்கு மேல ரத்தம் போனா அது அதிகம், டாக்டர பாக்கணும். இத்தனையும் "லேடீஸ் ப்ராப்ளம்", "அந்த மூணு நாள்", "உடம்பு சரியில்ல"ங்கற சொல்லுக்குள்ள அடங்குமா? உடம்பு சரியில்லன்னா அவன் காய்ச்சல் மாத்திரைதான் வாங்கிட்டு வருவான், அவன் மேல தப்பில்ல.

மொழிபெயர்க்கறவங்க மேல எனக்கு தனியா கோவம் இருக்கு. பீரியட்ஸ்ங்கறத "காலங்கள்"னு போட்டிருந்த ஒரு ஆப்ப பாத்தேன், "உங்கள் காலம் தாமதமாகிறது"ன்னு நோட்டிஃபிகேஷன் வருது. யாரும் ஒரு தடவை வாய்விட்டுப் படிச்சுப் பாக்கலன்னு அப்பட்டமா தெரியுது. இன்னொரு எடத்துல மெனோபாஸுக்கு "மாதவிலக்கு நீக்கம்"! விலக்கையே நீக்கிட்டாங்களாம். மாதவிடாய் நிறுத்தம்னு நல்ல சொல்லு இருக்கறப்ப இது எதுக்கு? மாதவிடாய் வலி, மாதவிடாய் சுழற்சி, மாதவிடாய் விடுப்பு, எங்க வச்சாலும் பொருந்துது. பேச்சுல பீரியட்ஸ்னு சொன்னா கூட நான் சண்டைக்கு வரமாட்டேன், நாப்கினுக்கு அணையாடைன்னு சொன்னாத்தான் ஆச்சுன்னும் சொல்லமாட்டேன், புரியறதுதான் முக்கியம். அச்சுல போடறப்ப மட்டும் விலக்கு வேண்டாம்.

பையனுக்கு கடைசில என்ன சொன்னேன்னா, அந்த வீடியோல சொல்லு தப்புடா, அது மாதவிடாய், விடாய்ன்னா களைப்புன்னு சொன்னேன். "ஓ, அதான் நீ அன்னைக்கு படுத்தே இருந்தியா"ன்னான். ஆமாடான்னேன்.